கண்ணாடியைத் தொட்டாலே ஷாப்பிங்! கடை ஷோகேஸுக்கு நம் விரல் தெரிவது எப்படி?

துணிக்கடை ஷோகேஸில் பொம்மைக்குப் போட்டிருக்கும் டிரெஸ்ஸை ஒரு நிமிஷம் நின்று பார்ப்போம், அப்புறம் நடையைக் கட்டிவிடுவோம். அந்தக் கண்ணாடியையே தொட்டு ஆர்டர் போட முடிந்தால்? இது கற்பனை இல்லை. பத்து வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டது.

எங்கே நடந்தது?

2012-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் அடிடாஸ் நியோ கடை இதைச் சோதித்துப் பார்த்தது. ஆப் எதுவும் வேண்டாம். செல்போன் பிரவுசரில் ஷோகேஸ் காட்டும் முகவரியையும் பின் நம்பரையும் அடித்தால் போதும், கண்ணாடியில் தேர்வு செய்த பொருள் போனுக்கு வந்துவிடும்.

2013 ஜூனில் ஈபே நிறுவனமும் கேட் ஸ்பேட் சாட்டர்டே பிராண்டும் சேர்ந்து நியூயார்க்கில் 4 இடங்களில் தொடுதிரை முகப்புகளை வைத்தன. உள்ளே போகவே தேவையில்லை. தொட்டு ஆர்டர் கொடுத்தால் 1 மணி நேரத்தில் டெலிவரி.

கண்ணாடிக்கு எப்படித் தெரிகிறது?

கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய ஃபிலிம் ஒட்டுவார்கள். அதில் கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத நுண்கம்பிகள் இருக்கும். நம் உடம்பு மின்சாரம் கடத்தும் என்பதால், விரல் கிட்டே வந்ததும் அங்குள்ள மின்புலம் மாறும். மாறிய இடத்தை வைத்து எங்கே தொட்டோம் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். நம்ம செல்போன் டச் ஸ்கிரீன் டெக்னிக்தான் இது. எல்லாமே உள்பக்கம் இருப்பதால் மழையில் நனையாது, யாரும் பிடுங்கவும் முடியாது. ஆனால் கண்ணாடி ரொம்பத் தடிமனாக இருந்தாலோ, உலோகப் பூச்சு இருந்தாலோ சரியாக வேலை செய்யாது.

தொடாமலும் முடியுமா?

முடியும். 2010-ல் வந்த மைக்ரோசாஃப்ட் கினெக்ட் போன்ற சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியால் உடல் அசைவைப் பிடிக்கும். நாம் கையை ஆட்டினால் திரையில் உள்ள உருவமும் ஆட்டும். வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் பகலில் இவை தடுமாறும்.

வெயில் திரைக்கும் எதிரிதான். வீட்டு டிவிக்கு 300 முதல் 500 நிட்ஸ் வெளிச்சம் போதும். வெயில் படும் ஷோகேஸ் திரைக்கு 2,500 நிட்ஸ் வரை தேவைப்படும். தொடும் பட்டன்களையும் 4 அடி உயரத்துக்குள் வைத்தால்தான் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு எட்டும்.

கேமரா இருந்தால் உஷார்!

கனடாவில் கேடிலாக் ஃபேர்வியூ நிறுவனம் 12 மால்களின் வழிகாட்டித் திரைகளில் கேமரா வைத்து, மக்களின் அனுமதி இல்லாமல் சுமார் 50 லட்சம் முகப் படங்களை எடுத்ததாக அந்நாட்டுத் தனியுரிமை ஆணையர்கள் 2020-ல் அறிவித்தனர். படங்களை உடனே அழித்துவிட்டதாக நிறுவனம் சொன்னது. ஆனால் அவற்றிலிருந்து எடுத்த முக அளவுகள் வேறொரு நிறுவனத்திடம் சேமிப்பில் இருந்தது விசாரணையில் தெரியவந்தது.

தொடுவதற்கு விரல் போதும், முகம் வேண்டியதில்லை. ஆகவே ஷோகேஸில் லென்ஸ் தெரிந்தால் பக்கத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். க்யூஆர் கோடு இருந்தால், அதன்மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஸ்கேன் செய்யுங்கள்.