லேப்டாப்பின் அடியில் ஒரு சின்னக் கதவு

தேனாம்பேட்டையிலிருந்து அண்ணா சாலையில் தெற்கே போனால் நந்தனம். அங்கே எல்காட் நிறுவனத்தின் அலுவலகம். வடக்கே போனால் ரிச்சி ஸ்ட்ரீட். அரசின் இலவச லேப்டாப்களை லட்சக்கணக்கில் வாங்கியது எல்காட். அவை திணற ஆரம்பித்தபோது பலரும் ரேம் தேடிப் போனது ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு. லேப்டாப் ரேமின் கதையை இந்த ஒரு சாலையை வைத்தே சொல்லிவிடலாம்.

ரேம் என்றால் என்ன? ஹார்ட் டிஸ்க் பீரோ என்றால், கணக்குப் புத்தகங்களை எடுத்து விரித்து வைக்கும் மேஜைதான் ரேம். மேஜை சின்னதாக இருந்தால் ஒன்றை மூடித்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். லேப்டாப் "ஹேங்" ஆவது பெரும்பாலும் இதனால்தான்.

ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டுக்கு டிராம் நினைவகத்துக்கான காப்புரிமை கிடைத்த வருடம் 1968. இன்டெல்லின் 1103 சிப் 1970ல் வந்தது. அதன் கொள்ளளவு 1024 பிட். இன்று ஒரு 2 ஜிபி கார்டில் 1700 கோடி பிட்டுக்கு மேல் அடங்குகிறது!

1990களின் தொடக்கத்தில் லேப்டாப் ரேமில் ஒரே குழப்பம். பல கம்பெனிகள் தங்களுக்கென்று தனி கார்டு வைத்திருந்தன. பிறகு மேஜைக் கணினியின் ரேமில் ஏறக்குறைய பாதி நீளமுள்ள "எஸ்ஓ-டிம்" என்ற பொது அளவு நிலைத்தது. டிடிஆர், டிடிஆர்2 கார்டுகளுக்கு 200 பின்கள், டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260. மின்னழுத்தமும் 2.5 வோல்ட், 1.8, 1.5, 1.2 என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்றுக்குரிய ஸ்லாட்டில் இன்னொன்றைச் செருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கார்டின் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறுகிறது. உள்ளே போகவில்லையா? அழுத்தாதீர்கள், அது வேறு தலைமுறைக் கார்டு.

மாற்றும் வேலையும் எளிது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்ற வேண்டும். உடம்பில் உள்ள நிலை மின்சாரம் போக ஒரு உலோகப் பொருளைத் தொட வேண்டும். பல பழைய மாடல்களில் அடியில் ஒரு சின்ன மூடி, ஒன்றிரண்டு திருகாணிகள். பக்கத்துக் கிளிப்புகளை விலக்கினால் பழைய கார்டு தானே மேலே எழும்பும். புதியதைச் சாய்வாகச் செருகி, "க்ளிக்" சத்தம் வரும்வரை கீழே அமுக்கினால் முடிந்தது.

இந்த வசதி தமிழ்நாட்டில் ஏன் முக்கியம்? 2011 செப்டம்பர் 15ல் முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில வருடங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயின. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. ஆரம்பத்தில் வந்தவற்றில் 2 ஜிபி டிடிஆர்3 ரேம். அப்போதைக்குப் போதும். 2020ல் கொரோனாவால் வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறியபோது, பிரவுசரையும் வீடியோ வகுப்பையும் சேர்த்துத் திறக்க 2 ஜிபி போதவில்லை. புது லேப்டாப் வாங்க வழியில்லாத வீட்டில், ஒரு செகண்ட் ஹேண்ட் ரேம் கார்டு படிப்பைத் தொடர வைத்தது.

ஒரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது. ஆகவே கார்டை மாற்றினால் மட்டும் போதாது, ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் பார்க்க வேண்டும்.

அந்தச் சின்னக் கதவு மெல்ல மூடிக்கொண்டது. 2008ல் வந்த மேக்புக் ஏரில் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தது. பின்னர் மற்ற கம்பெனிகளின் மெல்லிய மாடல்களும் அதே வழியில் போயின. இதில் நியாயமும் இருக்கிறது. லேப்டாப் மெலிகிறது, பேட்டரி கூடுதல் நேரம் நிற்கிறது. ஆனால் ஐந்து வருடம் கழித்து எவ்வளவு ரேம் வேண்டியிருக்கும் என்பதை வாங்கும் அன்றே முடிவு செய்து, அன்றே பணமும் கட்ட வேண்டும். கையில் காசு குறைவாக இருப்பவர்தான் இதில் அதிகம் இழக்கிறார்.

2022ல் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. 2023ல் காம்2 என்ற கழற்றக்கூடிய புதிய ரேம் தரம் வெளியானது. கதவு மறுபடி திறக்கலாம். அதுவரை, லேப்டாப் வாங்கும்போது விலையோடு இதையும் கேளுங்கள்: ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, சால்டர் செய்ததா?