கொடிக்கும் குழிக்கும் இடையே ஒரு மாதம்: அந்தமானின் நினைவுச் சின்னங்கள்

போர்ட் பிளேரிலிருந்து கார்பின் கோவ் செல்லும் கடற்கரைச் சாலையோரம், ஜப்பானியர் கட்டிய கான்கிரீட் பதுங்கு அறைகள் இன்றும் நிற்கின்றன. பயணிகள் அவற்றின்முன் படமெடுத்துக்கொண்டு கடந்து செல்கின்றனர். ஆக்கிரமிப்பின் எச்சம் அன்றாடக் காட்சியாகிவிட்டது.

பெத்லகேமில் இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவரின்மீது தீட்டப்படும் ஓவியங்கள், சுவரைப் பார்த்துப் பழகிய கண்ணை உறுத்துகின்றன. 'இது இயல்பானதா?' என்று அவை கேட்கின்றன. அந்தமானில் இக்கேள்வியைக் கேட்க வேண்டியவை நினைவுச் சின்னங்கள். அவையோ தனித்தனியே பேசுகின்றன.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி அங்கு மூவண்ணக் கொடியேற்றினார். அதன் 75ஆம் ஆண்டு நிறைவில், 2018இல், 150 அடி உயரக் கம்பத்தில் தேசியக்கொடி ஏற்றப்பட்டது.

நேதாஜி கொடியேற்றிய அதே நாள்களில், மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் ஜப்பானியரின் கைதியாகச் செல்லுலார் சிறையில் வதைபட்டுக்கொண்டிருந்தார். 1944 ஜனவரி 14 அன்று உயிர்நீத்தார். ஜனவரி 30 அன்று, உளவாளிகள் என்ற ஐயத்தின்பேரில் 44 பேர் ஹம்ப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்டனர். நகருக்கு வெளியே அவர்களுக்கும் ஒரு நினைவிடம் உண்டு.

கொடியேற்றத்திற்கும் அப்படுகொலைக்கும் இடைவெளி ஒரே மாதம். விடுதலையின் சின்னமும் ஆக்கிரமிப்பின் சின்னமும் ஒரே ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தவை. முன்னதை மட்டும் கண்டு திரும்புபவருக்கு அக்காலம் விழாவாகவே எஞ்சும். இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் சாலையோரப் பதுங்கு அறை வெறும் காட்சிப்பொருளாக இல்லாமல் வரலாற்றுச் சான்றாக மாறும்.