புல்லட்டை வாழவைத்த பட்டறைகள்

பழைய புல்லட் ஒன்றைக் குறைந்த செலவில் தேற்றி ஓடவைப்பதைப் பொழுதுபோக்கு என்கிறவர்கள் உண்டு. புது வண்டி வாங்க முடியாதவர் செய்யும் ஒட்டுவேலை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரு தரப்பாருமே அந்தத் தொழிலின் வரலாற்றைக் கணக்கில் கொள்வதில்லை. ராயல் என்ஃபீல்டு புல்லட் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் சாலைகளில் நிலைத்த பெருமையில் திருவொற்றியூர்த் தொழிற்சாலைக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு தெருமுனை மெக்கானிக்குக்கும் லேத் பட்டறைக்கும் கழற்றிய பாகங்களை விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளுக்கும் சேர வேண்டும் என்பது என் வாதம்.

1950களின் முதற்பாதியில் இந்திய அரசு ராணுவத்துக்காக 350 சிசி புல்லட்டுகளைத் தருவித்தது. அந்தத் தேவையை நம்பி 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் பாகங்கள் அனைத்தும் உள்நாட்டிலேயே தயாராயின. தாய்க் கம்பெனி தன் வண்டிகளை மாற்றிக்கொண்டே போய், 1970இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. சென்னையோ 1955இன் வடிவத்தையே அடிப்படையாக வைத்துத் தொடர்ந்து செய்தது. 1977இல் அதே வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. லைசென்ஸ் கெடுபிடியும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் போட்டியின்மையும் புது வடிவத்துக்கான அவசியத்தையே எழவிடவில்லை. புது வண்டி வாங்கியவருக்கு இது நஷ்டம்தான். பழுதுபார்த்தவருக்கோ இதுவே பெரிய வரமாக அமைந்தது. 1965ஆம் வருட வண்டியில் தேய்ந்துபோன பாகத்துக்கு 1985ஆம் வருட வண்டியின் பாகம் பெரும்பாலும் பொருந்தியது. ஒருமுறை கற்ற வேலை மெக்கானிக்குக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட்டது. மகனுக்கும் மருமகனுக்கும் அதே கையோடு அதைக் கற்றுக்கொடுக்கவும் முடிந்தது.

எஞ்சினின் அமைப்பும் இதற்கு இடம்கொடுத்தது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி கொண்ட அந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனிப் பெட்டிகள். ஒன்றில் கோளாறு என்றால் மற்றதைப் பிரிக்க வேண்டியதில்லை. வார்ப்பிரும்புச் சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அந்த வாய்ப்பும் தீர்ந்தால் உள்ளே புது ஸ்லீவ் இறக்கலாம். கனெக்டிங் ராடின் அடிமுனையில் இருக்கும் புஷ் தேய்ந்தால், கிராங்க்கைப் பிரித்து வேறு புஷ் போட்டு, ஆட்டமில்லாமல் நேர்பார்த்துப் பூட்ட ஒரு நல்ல லேத்காரர் போதும். பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்ய ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் ஆயிற்று. கை பழகியவருக்கு அதிக முதலீடு தேவைப்படாத வேலைகள் இவை. 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. பிறகு அம்பத்தூரிலும் வந்தது. கடைசல் வேலை தெரிந்த ஆட்கள் பெருகிய நகரமாகச் சென்னை மாறியதால், மலிவாகப் பழுதுபார்க்கும் தொழில் இங்கே ஆழமாக வேரூன்றியது.

வண்டி தொழிற்சாலையின் தயவில் வாழ்ந்ததா, பட்டறையின் தயவில் வாழ்ந்ததா என்று சோதித்துப் பார்க்க மற்ற வண்டிகள் உதவுகின்றன. 1961இல் மைசூரில் பிறந்த ஐடியல் ஜாவா 1996இல் கதவடைத்தது. அது செய்த எஸ்டி வண்டிகளோ அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஊர்ப்புறங்களில் ஓடின. ஏராளமாக விற்ற வண்டி என்பதால் கழற்றிய பாகமும் கிடைத்தது, வேலை தெரிந்த ஆளும் கிடைத்தார். 1983இல் வந்த ராஜ்தூத் 350இன் கதை வேறு. வேகத்தில் அதற்கு அன்று இணையில்லை. ஆனால் விற்றது குறைவு, பாகத்தின் விலையோ அதிகம். ஆகவே இன்று அதைத் தேற்றுவது கை நிறையப் பணமுள்ளவர் வேலையாகிவிட்டது. வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது உறுதி மட்டுமல்ல, அதன் பாகங்கள் கைமாறும் சந்தையும்தான் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி. ராணுவமும் போலீசும் கழித்து ஏலம் விட்ட புல்லட்டுகள் அந்தச் சந்தையில் வந்து சேர்ந்தன. 1984க்குப் பிறகு ஜப்பானியக் கூட்டில் 100 சிசி வண்டிகள் வந்து, பெட்ரோல் குடிக்கும் புல்லட்டை ஓரங்கட்டியபோது, பழைய புல்லட் எளியவர் கைக்கும் எட்டியது.

புதுப்பேட்டை என்றாலே திருட்டு வண்டி நினைவுக்கு வருகிறது என்பார்கள். அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. திருட்டு வண்டியைப் பிரித்து விற்றால் பாகத்துக்குப் பூர்வீகம் தெரியாமல் போகிறது. ஆனால் அதற்கு மருந்து, கழற்றிய வண்டியின் சேஸிஸ் எண்ணைக் குறித்து ரசீது கொடுக்கும் ஒழுங்குதான். சந்தையை ஒழித்தால் வியாபாரம் இன்னும் இருட்டான இடத்துக்குப் போகும். புகையைப் பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. அந்தக் கால எஞ்சினை இன்றைய பி.எஸ்.6 தரத்துக்குக் கொண்டுவர எந்த மெக்கானிக்காலும் இயலாது. ஆயினும் தேய்ந்த ரிங், தளர்ந்த வால்வு கைடு, தப்பாக டியூன் செய்த கார்புரேட்டர் ஆகியவற்றால் கிளம்பும் புகை பழுதுபார்த்தால் குறையும். ஆகவே வயதைப் பார்த்துக் கழிக்காமல், நிலையைச் சோதித்துக் கழிப்பதே நியாயம்.

குறைந்த பணத்தில் வண்டி தேற்றுகிறவருக்கு இந்த வரலாறு ஒரு வரிசையையும் சொல்லித்தருகிறது. முதல் ரூபாய் பிரேக், டயர், ஒயரிங்குக்கு, அடுத்தது எஞ்சினுக்கு, குரோம் முலாமும் பெயிண்டும் கடைசி. அந்தக் கால டிரம் பிரேக் இன்றைய நெரிசலுக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதால் இந்த வரிசையில் சமரசம் கூடாது. காதைப் பிளக்கும் சைலன்சரும் உயர்ந்த ஹேண்டில்பாரும் மாட்டுவது வேறு வேலை. கம்பெனி தந்த அமைப்பிலிருந்து வண்டி விலகக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பழையதை அதன் சொந்த நிலைக்குத் திருப்பும் மெக்கானிக்கைச் சட்டமும் வண்டி வைத்திருப்பவரும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். 2021இல் வந்த பழைய வாகனக் கழிப்புக் கொள்கை இரும்பின் எடையை மதிப்பிடுகிறது. நல்ல நிலையில் உள்ள பாகத்தையும் அதைப் பொருத்தத் தெரிந்தவரின் திறமையையும் அது மதிப்பிட்டால்தான் இந்தத் தொழிலுக்கு அடுத்த தலைமுறை வரும்.