பாத்ரூமை இடிச்சு மாத்தப் போறீங்களா? கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பழைய பாத்ரூமைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் போவது டைல்ஸ் கடைக்குத்தான். கலர் பார்த்து, டிசைன் பார்த்து, வீட்டில் எல்லோரிடமும் கேட்டு முடிவு செய்யவே இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். ஆனால் அந்த டைல்ஸுக்கு அடியில் என்ன பூசப் போகிறார்கள், சுவருக்குள் எந்த பைப் போகப் போகிறது என்று கான்ட்ராக்டரிடம் கேட்பவர்கள் குறைவு.

சில மாதம் கழித்து கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம் இறங்கும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது. அதைச் சரிசெய்ய புது டைல்ஸை உடைக்க வேண்டும். அதே டிசைன் மறுபடி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வேலையை முடித்துவிட்டுப் போன கான்ட்ராக்டர் போனை எடுப்பார் என்பதும் நிச்சயமில்லை. கையில் இருந்த பணமும் முழுசாகக் கொடுத்தாகிவிட்டது.

இந்த நிலை வராமல் இருக்க பட்ஜெட்டை எப்படிப் போடுவது, கான்ட்ராக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது, பணத்தை எப்போது கொடுப்பது? விரிவாகப் பார்ப்போம்.

முழுசா இடிக்கணுமா?

எல்லா பாத்ரூமையும் தரையோடு இடிக்க வேண்டிய அவசியமில்லை. ஓதம் இல்லை, பைப் நன்றாக இருக்கிறது, பார்க்க மட்டும்தான் பழசு என்றால் குழாய், வாஷ்பேசின், கதவு, லைட் ஆகியவற்றை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சுவரின் மறுபக்கம் பெயின்ட் உரிகிறதா, தரையில் தண்ணீர் தேங்குகிறதா, டைல்ஸைத் தட்டினால் உள்ளே காலியாக இருப்பது போல் சத்தம் வருகிறதா, பழைய இரும்பு பைப்பில் துருத் தண்ணீர் வருகிறதா? இவற்றுக்கு ‘ஆமாம்’ என்பது பதிலாக இருந்தால் முழு வேலைதான் சரி. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது ஓதத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது.

இன்னொரு விஷயம், டாய்லெட் இருக்கும் இடத்தை மாற்றுவது. குளிக்கும் இடத்தையும் வாஷ்பேசினையும் நகர்த்துவது ஓரளவு எளிது. ஆனால் வெஸ்டர்ன் டாய்லெட்டை எதிர்ச் சுவருக்குக் கொண்டு போனால் தரையைத் தோண்டி, பெரிய கழிவு பைப்பை வாட்டத்தோடு மறுபடி போட வேண்டும். பட்ஜெட் கையை மீறிப் போக இது ஒரு முக்கிய காரணம். இடம் மாற்றாமலே சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

‘மொத்தமா இவ்வளவு’ என்று ஒரே தொகையாக யோசிக்காமல், நான்கு பகுதியாகப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது.

1. கண்ணுக்குத் தெரியாத வேலை: இடிப்பது, இடிபாடு அகற்றுவது, தண்ணீர் பைப், கழிவு பைப், வாட்டர் ப்ரூஃபிங், ஒயரிங்.

2. தரையும் சுவரும்: டைல்ஸ், ஒட்டும் பசை அல்லது சிமெண்ட், இடைவெளி அடைக்கும் க்ரவுட், ஒட்டும் கூலி.

3. பொருத்தும் சாமான்கள்: டாய்லெட், வாஷ்பேசின், குழாய்கள், ஷவர், கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன், கதவு.

4. எதிர்பாராத செலவு: மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம். இடித்த பிறகுதான் உள்ளே கழிவு பைப் உடைந்திருப்பது தெரியவரும். இந்தத் தொகையைக் கான்ட்ராக்டரிடம் சொல்லத் தேவையில்லை.

பணம் பத்தவில்லை என்றால் குறைக்க வேண்டிய இடம் மூன்றாவது பகுதி. இன்றைக்குச் சாதாரண ஷவர் போட்டுவிட்டு, அடுத்த வருடம் நல்லதாக மாற்றிக்கொள்ளலாம். முதல் பகுதியில் மிச்சம் பிடித்தால், பின்னாடி மாற்ற எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

எஸ்டிமேட்டில் பலர் எழுத மறப்பவையும் உண்டு. மணலையும் டைல்ஸையும் மாடிக்கு ஏற்றும் கூலி, இடிபாடு ஏற்றிச் செல்லும் வண்டி வாடகை, சுவரின் மறுபக்கம் பெயின்ட், எல்போ, டீ போன்ற சின்னச் சின்ன பிளம்பிங் சாமான்கள் ஆகியவை அவை. வீட்டில் ஒரே பாத்ரூம்தான் என்றால், வேலை முடியும்வரை என்ன செய்வது என்பதற்கும் ஒரு தொகை வேண்டும்.

டைல்ஸ் எவ்வளவு வேணும்? ஒரு கணக்கு

5 அடி அகலம், 8 அடி நீளம் உள்ள பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். தரை 40 சதுர அடி. நான்கு சுவர்களின் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் 182 சதுர அடி. இரண்டரை அடி அகலக் கதவுக்குச் சுமார் 17 சதுர அடியைக் கழித்தால் 165. தரையையும் சேர்த்தால் 205. வெட்டும்போது வீணாவதற்கு 10 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 225 சதுர அடி.

இப்போது விலையைப் பாருங்கள். சதுர அடி 50 ரூபாய் டைல்ஸ் என்றால் 11,250 ரூபாய். 80 ரூபாய் டைல்ஸ் என்றால் 18,000 ரூபாய். வித்தியாசம் 6,750 ரூபாய்தான். இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கி மிச்சம் பிடிப்பது இவ்வளவுதான். வாட்டர் ப்ரூஃபிங் சரியில்லாமல் ஒரு முறை உடைத்தால் டைல்ஸ், கூலி, இடிபாடு வண்டி எல்லாமே மறுபடி செலவு.

தரைக்கு வழுக்காத டைல்ஸ்தான் வாங்க வேண்டும். சுவருக்கான பளபள டைல்ஸைத் தரையில் போடக்கூடாது. வழுக்கும் தன்மையைக் குறிக்கும் ‘ஆர்’ ரேட்டிங்கைக் கடையில் கேளுங்கள். ஆர்10, ஆர்11 என எண் கூடக் கூட பிடிமானம் அதிகம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. டாய்லெட் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி வைக்கும் இடத்தையும் இப்போதே முடிவு செய்து, அந்த இடத்தில் சுவருக்குள் பைப் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்ச் மாறினால் நிறம் லேசாக மாறும். கூடுதலாக ஒரு பெட்டி வாங்கிப் பரண் மேல் வைத்தால் பிற்காலத்தில் உதவும்.

கூலி மட்டுமா, மெட்டீரியலோடா?

வேலை கொடுப்பதில் மூன்று வழிகள் உண்டு.

நாள் கூலி: கொத்தனார், சித்தாள், பிளம்பர் எல்லோருக்கும் தினமும் கூலி. ஒன்றிரண்டு நாள் ரிப்பேர் வேலைக்குச் சரி. முழு பாத்ரூமுக்கு என்றால் நாள் இழுத்துக்கொண்டே போகும்.

கூலி கான்ட்ராக்ட்: பொருளை நீங்கள் வாங்கித் தருவீர்கள், வேலைக்கு மட்டும் ஒரு தொகை. பொருளின் தரம் உங்கள் கையில் இருக்கும். ஆனால் ‘ஒரு எல்போ குறையுது சார்’ என்று தினமும் கடைக்கு ஓட ஆள் வேண்டும்.

மெட்டீரியலோடு கான்ட்ராக்ட்: எல்லாமே அவர் பொறுப்பு. வேலைக்குப் போகும் தம்பதிக்கு வசதி. ஆனால் ‘நல்ல பைப் போடறேன்’ என்று வாயில் சொன்னால் போதாது. பொருள்வாரியாக பிராண்டும் அளவும் எழுத்தில் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. டைல்ஸ், டாய்லெட், குழாய், வாட்டர் ப்ரூஃபிங் கெமிக்கல் ஆகியவற்றை நீங்களே வாங்குங்கள். மணல், சிமெண்ட், சின்ன சாமான்களை கான்ட்ராக்டரிடம் விடுங்கள். பைப், ஒயர் இரண்டிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கீசரிலிருந்து வரும் சுடுதண்ணீர் லைனுக்கு சாதாரண பிவிசி கூடாது, சிபிவிசி பைப்தான் போட வேண்டும்.

மூணு எஸ்டிமேட், ஒரே லிஸ்ட்

‘மூணு பேர்கிட்ட விலை கேளு’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மூன்று பேரும் மூன்று விதமான வேலைக்கு விலை சொன்னால் ஒப்பிட முடியாது. ஒருவர் இடிபாடு அகற்றுவதைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். விலை குறைவாகத் தெரிவதற்கு விடுபட்ட வேலையே காரணமாக இருக்கலாம்.

அதனால் வேலைப் பட்டியலை நீங்களே ஒரு தாளில் எழுதி, அதையே மூன்று பேருக்கும் கொடுங்கள். போனில் விலை சொல்பவரை விட, நேரில் வந்து டேப் வைத்து அளப்பவருக்கு முன்னுரிமை கொடுங்கள். சதுர அடிக் கணக்கில் கூலி என்றால், கதவு இடத்தைக் கழிப்பாரா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

அவர் செய்த பழைய வேலையைப் பார்ப்பதும் முக்கியம். போன வாரம் முடித்த பாத்ரூம் பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய பாத்ரூமைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் ‘வேலை முடிஞ்ச பிறகு கூப்பிட்டா வந்தாரா?’ என்று மட்டும் கேட்டால் போதும்.

ஜிஎஸ்டி பதிவு பெற்ற கான்ட்ராக்டர் என்றால், இந்த வேலைக்கு 18 சதவீதம் வரி வரும். சொன்ன தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சிறிய கான்ட்ராக்டர்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு எண் இல்லாமல் ‘ஜிஎஸ்டி’ என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணத்தை எப்படிப் பிரிச்சுக் கொடுக்கலாம்?

பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கேட்பது பல இடங்களில் நடக்கிறது. பாதியை வாங்கியவர் இன்னொரு இடத்தில் வேலை வந்ததும் ஆட்களை அங்கே அனுப்பிவிட்டால், உங்கள் கையில் எதுவும் இருக்காது. எத்தனை நாள் ஆச்சு என்று பார்க்காமல், எந்த வேலை முடிந்தது என்று பார்த்துப் பணம் கொடுப்பதுதான் பாதுகாப்பு. கூலி கான்ட்ராக்டுக்கு ஒரு மாதிரி:

வேலை தொடங்கும்போது – 10 சதவீதம்
இடித்து, பைப் போட்டு, பிரஷர் டெஸ்ட் முடிந்ததும் – 25 சதவீதம்
வாட்டர் ப்ரூஃபிங் முடிந்து தண்ணீர் தேக்கிப் பார்த்ததும் – 25 சதவீதம்
டைல்ஸ் ஒட்டி, சாமான்கள் பொருத்தியதும் – 30 சதவீதம்
பயன்படுத்தத் தொடங்கி ஒரு மாதம் கழித்து – 10 சதவீதம்

மெட்டீரியலோடு கான்ட்ராக்ட் என்றால் ஆரம்பத்தில் கூடுதலாகக் கேட்பது நியாயம்தான். அப்போது பெரிய பொருட்களுக்கான பணத்தை நேராகக் கடைக்கே கொடுத்து, உங்கள் பெயரில் பில் வாங்கிவிடலாம்.

இந்தத் தவணைகளையும் வேலைப் பட்டியலையும் பொருட்களின் பிராண்டையும் முடிக்கும் தேதியையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் எதையாவது மாற்றினால், கூடுதல் செலவு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிய பிறகே வேலையைத் தொடரச் சொல்லுங்கள். பணத்தை யுபிஐ அல்லது வங்கி மூலம் அனுப்பினால் கணக்கு தானாகவே பதிவாகிவிடும்.

டைல்ஸ் ஒட்டும் முன் செய்ய வேண்டிய 2 டெஸ்ட்

பிரஷர் டெஸ்ட்: பைப் போட்டு முடித்ததும், பூசி மூடுவதற்கு முன்பு, சிறிய கை பம்ப் மூலம் பைப்புக்குள் தண்ணீரை அழுத்தி, முள் இறங்குகிறதா என்று பிளம்பர் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஜாயின்ட் ஒழுகுகிறது. அப்போதே சுவர்களை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது பைப் எங்கே போகிறது என்று தெரியும்.

தண்ணீர் தேக்கும் டெஸ்ட்: வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு தரையோடு நிற்கக்கூடாது. சுவரில் குறைந்தது ஒரு அடியும், ஷவர் பக்கம் இன்னும் உயரமாகவும் ஏற வேண்டும். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் போகும் துளையை அடைத்து, இரண்டு இன்ச் தண்ணீர் தேக்கி, மட்டத்தை பென்சிலால் குறித்து, 48 மணி நேரம் விடுங்கள். மட்டம் சட்டென்று இறங்குகிறதா, கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். ‘ரெண்டு நாள் வேலை நின்னுடும்’ என்று கான்ட்ராக்டர் சொல்வார். அந்த இரண்டு நாளையும் சேர்த்தே முடிக்கும் தேதியை எழுதினால் இந்தப் பேச்சு வராது.

டைல்ஸ் போட்ட பிறகு வாட்டம் பார்க்க வேண்டும். 8 அடி நீளத்துக்குச் சுமார் ஒரு இன்ச் சரிவு இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் மூலையில் தேங்காமல் முழுசாக வடிய வேண்டும்.

கீசருக்குத் தனி லைன், எர்த், ஆர்சிசிபி ஆகியவை இருக்கின்றனவா என்பதை எலக்ட்ரீசியனிடம் உறுதி செய்யாமல் ஸ்விட்ச் போடாதீர்கள். ஈரமான இடத்தில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

அப்பார்ட்மென்ட் என்றால்?

வேலைக்கு முன்பே சங்கத்திடமும் கீழ்வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். கீழ்வீட்டு சீலிங்கை வேலைக்கு முன்பும் பின்பும் போட்டோ எடுப்பது இருவருக்குமே நல்லது. தூண், பீம் ஆகியவற்றில் பைப்புக்காகக் காடி வெட்ட அனுமதிக்காதீர்கள். இடிபாடுகளைத் தெருவோரம் கொட்டுவதும் கூடாது. சென்னையில் எங்கே கொட்டுவது என்று மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம்.

வேலை சொதப்பினால் என்ன செய்வது?

முதலில் குறைகளை போட்டோவோடு எழுதி அனுப்பி, சரிசெய்ய ஒரு தேதி கொடுங்கள். பலன் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் வழக்கு தொடர வேண்டும். கையெழுத்துப் போட்ட தாள், பணம் அனுப்பிய விவரம், போட்டோ ஆகிய மூன்றும்தான் அங்கே உங்களுக்காகப் பேசும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

* வாட்டர் ப்ரூஃபிங்குக்கு என்ன பிராண்ட், எத்தனை கோட்டிங், சுவரில் எவ்வளவு உயரம்?
* 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சம்மதமா?
* இடிபாடு அகற்றுவதும் மாடி ஏற்றும் கூலியும் இந்தத் தொகையில் சேர்த்தியா?
* பிளம்பரும் டைல்ஸ் போடுபவரும் உங்கள் ஆட்களா, வெளியாட்களா? தப்பு நடந்தால் யார் பொறுப்பு?
* கடைசி 10 சதவீதத்தை ஒரு மாதம் கழித்து வாங்கிக்கொள்வீர்களா?

கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ‘சரி’ என்பவர், தன் வேலை மேல் நம்பிக்கை உள்ளவராக இருக்க வாய்ப்பு அதிகம். எதற்கும் பதில் சொல்லாமல் ‘அதெல்லாம் நான் பாத்துக்கறேன்’ என்று மட்டும் சொல்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.