புரைக்கேறாத ஆபத்து



சாப்பிடும்போது புரைக்கேறினால் "ஆரோ நினைக்கினம்" என்று உச்சந்தலையில் தட்டுவது எங்கள் வழக்கம். என் தாயார் பாரிசவாதத்தில் விழுந்தபின் அவருக்கு ஒருநாளும் புரைக்கேறவில்லை. கஞ்சி நன்றாக இறங்குகிறது என்று மகிழ்ந்தோம். பிறகு நியுமோனியா வந்தது. கஞ்சி சத்தமில்லாமல் சுவாசப்பைக்குள் போயிருக்கிறது என்றார் வைத்தியர். அதற்குக் காரணம் தேடப்போய்த்தான் இந்த வரலாற்றை அறிந்தேன்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில், இங்கிலாந்தின் சார்ள்ஸ் ஷெரிங்ரனும் கனடியரான எஃப். ஆர். மில்லரும் பெருமூளை அகற்றப்பட்ட பூனைகளின் தொண்டையில் சிறிது நீர் விட்டுப் பார்த்தார்கள். பூனைகள் விழுங்கின. நீர் பட்ட உணர்வு மூளையின் அடித்தண்டுக்குப் போனாலே விழுங்கல் நடக்கும் என்பது தெரிந்தது.

நீங்களும் சோதிக்கலாம். எச்சிலை அடுத்தடுத்து ஐந்தாறு தரம் விழுங்கிப் பாருங்கள். வாய் காய்ந்ததும் தொண்டை மறுக்கும். நினைப்பு மட்டும் போதாது. விழுங்குவதற்கு வாயில் ஏதாவது பட வேண்டும்.

அந்த உணர்வு எங்கே போய்ச் சேர்கிறது? எங்கள் ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பல்மருத்துவ பீடத்தில் பாரி செசில் இதை ஆராய்ந்தார். வாயிலிருந்தும் குரல்வளையிலிருந்தும் வரும் செய்திகள் முகுளத்தில் ஒரே நரம்புக் கலங்களில் வந்து கூடுவதையும், சில தூண்டுவதையும் சில அடக்குவதையும் 1973 இல் வெளியிட்டார்.

பாரிசவாதத்தில் இந்தச் செய்திகள் குறைந்தால் விழுங்கல் பிந்தும். குரல்வளையும் மரத்துப்போனால், நீர் தவறான வழியில் போனாலும் இருமல் வராது. என் தாயாருக்கு நடந்தது அதுதான்.

இதைக் கண்டுகொள்ள ஒரு படுக்கையோரச் சோதனையும் இந்த நகரத்தில்தான் பிறந்தது. ரோஸ்மேரி மார்ட்டினோவும் சகாக்களும் 2009 இல் அதை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர் நோயாளியின் நாக்கசைவைப் பார்ப்பார். கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுப்பார். அதற்கு முன்னும் பின்னும் குரலைக் கவனிப்பார்.

ஆங்கிலம் தெரியாத எங்கள் பெரியவர்களுக்காக நாங்கள்தான் கேட்க வேண்டும்: "விழுங்கல் சோதனை செய்தாயிற்றா?" பதில் கிடைக்கும்வரை ஒரு மிடறு தண்ணீரும் கொடுக்காதீர்கள். இருமவில்லையே என்று ஆறுதல் அடையவும் வேண்டாம்.