ஞாயிறும் அங்காடியும்

மாங்குடி மருதனார் மதுரைக் காஞ்சியில் நாளங்காடியையும் அல்லங்காடியையும் தனித்தனியே காட்டுகிறார். பகலில் கூடுவது ஒன்று. இரவில் கூடுவது மற்றொன்று. புகார் நகரிலும் இவ்விருவகை அங்காடிகள் இருந்தமையைச் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். கடைகள் எந்நேரமும் எந்நாளும் திறந்திருக்க வேண்டும் என்று இன்று வாதிடுவோர்க்கு இச்சான்றுகள் இனிக்கக்கூடும். ஆயின், அங்காடியில் நின்று விற்றவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓய்ந்திருந்தார் என்பதை அந்நூல்களிடம் கேட்டுப் பயனில்லை. நம் நாட்டில் அக்கேள்வி உரத்து எழுந்தது ஆலைச் சங்கொலி கேட்கத் தொடங்கிய பின்னரே ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது வெள்ளையர் தம் சமய வழக்கத்தை ஒட்டி நமக்கு விட்டுச்சென்ற கொடை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அலுவலகங்களைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. உழைப்பாளரைப் பொறுத்தவரை அது பாதி உண்மைகூட அன்று. 1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம், 12 வயதுக்கு உட்பட்ட சிறுவருக்கு மட்டும் நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்ற வரம்பையும் மாதத்திற்கு 4 விடுமுறை நாள்களையும் வகுத்தது. வளர்ந்தவர்களைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. அவர்களுக்காக வாய் திறந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. இவர் ஜோதிராவ் புலேயின் தோழர். 'தீனபந்து' இதழின் ஆசிரியர். 1884 செப்டம்பரில் இவர் பம்பாயில் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிக் கூட்டங்கள் நடத்தினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று உருவாயிற்று. ஞாயிறுதோறும் முழு ஓய்வு, நண்பகலில் அரைமணி இடைவேளை, உரிய நாளில் ஊதியம், விபத்தில் உறுப்பிழந்தோர்க்கு உதவி ஆகியவையே அதன் வேண்டுகோள்கள். இவற்றைப் 'பேராசை' என்று கூறத் துணிவார் யார்? எனினும் ஆறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1890 ஏப்ரலில் ஏறத்தாழ பதினாயிரம் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் பெண்கள் இருவர் எழுந்து பேசினர். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் சங்கம் வார விடுமுறைக்கு இசைந்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நாடு முழுவதிலும் தொழிற்சாலைகளுக்கு உரியதாக்கியது.

ஜெஜூரியில் கோயில்கொண்ட கண்டோபாவுக்கு ஞாயிறே உகந்த நாள் என்பது மராட்டியரின் நம்பிக்கை. ஆகவே தேவாலய மணி ஓசையோடு மட்டும் அந்த நாளைப் பிணைத்துவிடுதல் பொருந்தாது. லோகண்டே 1897இல் மறைந்தார். 2005ஆம் ஆண்டில் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

ஆலைக்கு ஒரு சங்கு உண்டு. அது ஊதியதும் இயந்திரம் நிற்கும். கடைக்கு அத்தகைய சங்கு ஏது? கடைசி வாடிக்கையாளர் படியிறங்கும் வரை கடைச் சிப்பந்தி நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆலைத் தொழிலாளர் கூடி நின்று குரல் எழுப்ப முடிந்தது. கடைக்கு ஒருவர், இருவர் எனச் சிதறிக் கிடந்தவர்கள் எங்ஙனம் கூடுவர்? இங்கிலாந்திலேயே 1886இல் வந்த கடைநேரச் சட்டம், 18 வயது நிரம்பாதவரை வாரத்திற்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்ற அளவில் நின்றது. 74 மணி நேரம் என்பதே ஒரு சலுகையாக இருந்தது! அங்குக் கடைச் சிப்பந்திகள் வாரத்தில் அரைநாள் ஓய்வு பெற 1911 வரை காத்திருந்தனர். நம் நாட்டிலோ பம்பாய் மாகாணம் 1939இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை இயற்றி வழிகாட்டியது. 1947இல் சென்னை மாகாணமும் 1954இல் தில்லியும் தத்தமக்கெனச் சட்டம் செய்துகொண்டன.

இவற்றுக்கிடையே 1942இல் வந்த வார விடுமுறைச் சட்டம் மிகச் சிறியது, ஆயினும் நுட்பமானது. கடை வாரத்தில் ஒருநாள் முற்றிலும் மூடியிருக்க வேண்டும். அந்த நாள் எது என்பதைக் கடைக்காரரே முடிவு செய்யலாம். ஆனால் அதனை எல்லார் கண்ணிலும் படும்படி கடையில் எழுதி வைத்தல் வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றலாகாது. அந்த ஓய்வு நாளுக்காகச் சிப்பந்தியின் ஊதியத்தில் கைவைக்கக் கூடாது. ஞாயிறுதான் என்று அச்சட்டம் அடம்பிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது விரும்பியது குறிப்பிட்ட ஒரு கிழமையையன்று. கண்ணால் கண்டு சரிபார்க்கத்தக்க ஓர் ஓய்வை.

"என் கடையில் சிப்பந்தியே இல்லை, நானும் என் மகனும் மட்டுமே. எங்களை மூடச்சொல்ல அரசு யார்?" என்ற கேள்வி பஞ்சாபில் எழுந்தது. பெரோஸ்பூர் கண்டோன்மென்ட்டைச் சேர்ந்த கடைக்காரர் ஒருவர், தாமே விடுமுறை என அறிவித்திருந்த வெள்ளிக்கிழமையில் கடை திறந்தமைக்காகத் தண்டிக்கப்பட்டார். தொழில் செய்யும் அடிப்படை உரிமையைச் சுட்டி அவர் வழக்காட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1960இல் அந்நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. உரிமையாளரின் உடல்நலமும் பொதுநலனில் அடங்கியதே என்று கொண்டு சட்டத்தை நிலைநிறுத்தியது. நியாயம் எளிதில் விளங்கக்கூடியதே. ஒரு கடை திறந்திருந்தால் எதிர்க்கடைக்காரர் வீட்டில் இருக்க மனம் ஒப்புமா? ஒருவர் திறந்தால் தெருவே திறக்கும்.

தில்லி வாழ்வுக்குப் பழகியோர் இதன் மறுபக்கத்தையும் அறிவர். இந்நகரில் எல்லாக் கடைத்தெருக்களும் ஒரே நாளில் மூடுவதில்லை. கன்னாட் பிளேசும் சாந்தினி சவுக்கும் நெடுங்காலம் ஞாயிறன்று ஓய்ந்தன. கரோல்பாக்கும் லஜ்பத் நகரும் சரோஜினி நகரும் திங்களன்று ஓய்ந்தன. கரோல்பாக்கை நாடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், பேருந்தின் எண்ணுக்கு அடுத்தபடியாக மனப்பாடம் செய்தது இக்கிழமைக் கணக்கையே எனலாம். வாரம் முழுவதும் கோப்புகளோடு போராடும் எழுத்தருக்கு ஞாயிறன்று வேட்டியும் பாத்திரமும் வாங்கக் கடை இருந்தது. விற்றவருக்குத் திங்களன்று ஓய்வு இருந்தது. வாங்குவோர் வசதியையும் விற்போர் ஓய்வையும் ஒன்றுக்கொன்று பகையாக்காத ஏற்பாடு இது. இதைவிடச் சிறந்த வழியை நான் இதுவரை கண்டதில்லை.

மூடிய கதவுகள் இன்னொரு கூட்டத்தையும் வாழவைத்தன. தரியாகஞ்சில் ஞாயிறுதோறும் அடைத்த கடைகளின் முன், நடைபாதையில் பழைய புத்தகங்களை விரித்து வணிகம் செய்தோர் பலர். வாரத்தின் ஆறு நாள்களில் அந்த இடத்தில் அவர்கள் நிற்கவும் முடியாது. ஏழாம் நாளில் அது அவர்களின் அங்காடி. மாணவர்க்கு மலிவான பாடநூலும் நம்போன்றோர்க்குக் கிடைத்தற்கரிய பழம்பதிப்பும் அங்கே கிடைத்தன. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி 2019இல் உயர் நீதிமன்ற ஆணையின்பேரில் அச்சந்தை அகற்றப்பட்டது. பின்னர் அருகே உள்ள மகிளா ஹாட்டுக்கு மாறியது. கரோல்பாக்கின் திங்கட்கிழமைத் தெருச்சந்தையும் அடைத்த கடைகளின் நிழலில் வளர்ந்ததே. கடைகள் ஏழு நாளும் திறந்தால் இவர்கள் பாயை எங்கே விரிப்பர் என்று எவரும் கேட்கக் காணோம்.

ஞாயிறன்று கடைகளை நெடுநேரம் திறந்துவைக்கலாமா என்ற வழக்கை நீண்ட காலம் நடத்திய நாடு இங்கிலாந்துதான். கட்டுப்பாட்டை அடியோடு நீக்க விரும்பிய தாட்சர் அரசின் மசோதா 1986இல் மக்களவையில் 14 வாக்குகளில் தோற்றது. தேவாலயத்தாரும் கடைச் சிப்பந்திகளின் தொழிற்சங்கமும் ஓரணியில் நின்ற விந்தையை அப்போது உலகம் கண்டது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சமரசம்: 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகளுக்கு ஞாயிறன்று 6 மணி நேரம் மட்டும், சிறு கடைகளுக்குத் தடையில்லை, ஞாயிறன்று வேலைக்கு வர மறுக்கும் உரிமை சிப்பந்திக்கு உண்டு. அந்த 6 மணியை நீட்டும் முயற்சி 2016இல் மீண்டும் மக்களவையில் தோல்வியுற்றது.

அதே 2016ஆம் ஆண்டில் நம் மத்திய அமைச்சரவை, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகள் ஆண்டின் 365 நாளும் திறந்திருக்க வழிசெய்யும் மாதிரிச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மகாராஷ்டிரம் 2017இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. லோகண்டே பாடுபட்ட மண் அது. தமிழ்நாடு 2019இல் இத்தகைய கடைகள் இரவும் பகலும் திறந்திருக்க ஆணை பிறப்பித்துப் பின்னர் நீட்டித்தது. தில்லியில் 2022இல் ஒரே தடவையில் 314 நிறுவனங்களுக்கு விலக்கு வழங்கப்பட்டது. எல்லாவற்றிலும் ஒரு வாசகம் தவறாது இடம்பெறும்: கடைக்கு விடுமுறை இல்லாவிடினும் ஊழியருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு உண்டு, அது முறைவைத்து வழங்கப்படும்.

இங்குதான் எனக்கு ஐயம் எழுகிறது. இருபது ஆண்டுகளாகப் பதிவேடுகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம்: பதிவேட்டில் எதையும் எழுதலாம். இழுத்து மூடிய கதவைத் தெருவில் செல்லும் சிறுவனும் கண்டறிவான். முறை ஓய்வை, உள்ளே வைத்துப் பூட்டிய பதிவேடு மட்டுமே அறியும். அதைப் புரட்டிப் பார்க்கும் ஆய்வாளர் என்றோ ஒருநாள் வருபவர். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1985 முதல் வாரத்தில் ஐந்து நாளே வேலை. சனியும் ஞாயிறும் ஓய்ந்திருக்கும் நாமே, ஞாயிறன்று கடை திறக்கவில்லை என்று அதிகம் முணுமுணுக்கிறோம்!

கடைகள் திறக்கவே கூடாது என்பது என் வாதமன்று. மருந்தும் பாலும் உணவும் எந்நாளும் வேண்டுவனவே. சட்டங்களும் அவற்றுக்கு விலக்களித்தே வந்துள்ளன. துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் பகுதிக்கொரு நாள் என்னும் தில்லியின் பழைய ஏற்பாடே போதும். அதையும் கைவிட்டுத்தான் ஆகவேண்டும் எனில், தமிழ்நாட்டு ஆணையில் உள்ள ஒரு நிபந்தனையைப் பிற மாநிலங்களும் கைக்கொள்ளட்டும். அன்றன்று ஓய்வில் இருக்கும் ஊழியரின் விவரத்தைக் கடையில் அன்றாடம் எழுதி வைக்க வேண்டும் என்பதே அது. அப்பலகை கணக்கர் அறையின் மூலையில் மாட்டப்படாமல், வாங்க வருவோர் கண்ணில் படும்படி வாயிலிலேயே தொங்க வேண்டும். 1942ஆம் ஆண்டின் சிறிய சட்டம் கேட்டதும் ஏறக்குறைய இதுவே.