கபெல்யாதஸ்

கபெல்யாதஸ், ஸ்பெயினின் கட்டலோனியாவில் பார்சலோனாவுக்கு வடமேற்கே அனோயா ஆற்றை ஒட்டியுள்ள சிற்றூர். மக்கள்தொகை ஐயாயிரத்துக்குச் சற்று மேல். 18-ஆம் நூற்றாண்டில் கையால் செய்யும் காகிதத்துக்குப் பெயர்பெற்றது.

ஊரின் தொழிலுக்கு மூலாதாரம் ஊற்றுநீர். அது 'லா பாஸா' என்ற குளத்தில் தேங்கி, வாய்க்கால் வழியே சரிவில் இறங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் காகித ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றியது. குளத்தருகே உள்ள 18-ஆம் நூற்றாண்டு ஆலை ஒன்று இன்று காகித அருங்காட்சியகம். தெராசாவைத் தலைமையிடமாகக் கொண்ட கட்டலோனிய அறிவியல், தொழில்நுட்பத் தேசிய அருங்காட்சியக வலையமைப்பில் இதுவும் சேர்ந்தது.

ஆலையைக் கீழ்த்தளத்திலிருந்து மேலே பார்த்துக்கொண்டு போவதே சரி. காகிதமும் அப்படித்தான் ஏறியது. கந்தல் துணியை மரச் சம்மட்டிகளும் பின்னாளில் டச்சு அரைவைத் தொட்டிகளும் கூழாக்கின. கம்பிச் சல்லடை பொருத்திய சட்டத்தைத் தொட்டியில் அமிழ்த்தித் தூக்கினால் நீர் வடிந்து மெல்லிய படலம் தங்கும். சட்டத்தை ஒரே சீராக அசைக்காவிட்டால் தாள் ஒருபக்கம் தடித்துவிடும். தொழிலின் அருமையெல்லாம் அந்தக் கை அசைவில்தான். படலத்தைக் கம்பளித் துணிமேல் கவிழ்த்து அழுத்திப் பிழிந்து, மேல்மாடிக்குக் கொண்டுபோய்க் கயிற்றில் காயப்போட்டார்கள். எழுதும்போது மை பரவாதிருக்க, தோல் கழிவிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையில் தாளை முக்கினார்கள். மாடி நெடுக வரிசையாக உள்ள சிறு சன்னல்களைத் திறந்தும் மூடியும் காற்றை அளந்து விட்டார்கள். அனோயா பள்ளத்தாக்கில் இத்தகைய சன்னல் வரிசை உள்ள பழைய கட்டடத்தைக் கண்டால் காகித ஆலை என்று சொல்லிவிடலாம்.

பின்னர் இயந்திரங்கள் வந்து கைத்தொழில் நலிந்தது. சிகரெட் தாள் உற்பத்தி தொடர்ந்தது. அருங்காட்சியகத்தில் கைக்காகிதம் இன்றும் தயாராகிறது. வருவோர் தாங்களே ஒரு தாள் எடுத்துப் பார்க்கலாம்.

ஊற்றுநீரின் சுண்ணாம்புப் படிவுகளால் உருவான பாறைச்சரிவில் ஆப்ரிக் ருமானி என்ற பாறைக் குடைவு உள்ளது. 1909-இல் அமடோர் ருமானி இதைக் கண்டறிந்தார். நியாண்டர்தால் மனிதர்களின் அடுப்புகளும், மக்கிப்போன மரத்துண்டுகள் படிவில் விட்டுச்சென்ற அச்சுகளும் இங்கே கிடைத்தன. ஆலைகளைப் பார்க்க வருபவர் இதைத் தவறவிடக் கூடாது.

பார்சலோனாவின் பிளாசா எஸ்பான்யாவிலிருந்து இகுவாலாதா செல்லும் ரயில் கபெல்யாதஸில் நிற்கும்.